தேங்காயோடு முடிந்த நேர்ச்சை

போன மழைக்காலத்தில் என் மகனுக்கு டெங்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் கிடந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஏழு வயதுச் சிறுமி. அவளுக்கும் அதே காய்ச்சல். அவள் அம்மா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். தமிழ்நாட்டின் வடகோடியிலிருந்து பிழைக்க வந்தவர். வார்டில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். சும்மா இருக்குமா என் வாய்? ஒரே நாளில் ஒட்டிக்கொண்டோம்.

சிறுமிக்கு பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. "பயப்படாதம்மா, நம்ம பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துக்கோ, சரியாயிரும் கேட்டியா" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நேர்ந்துக்கற பேச்சே வேணாங்க்கா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கும் இப்படித்தான் காய்ச்சலாம். பிழைத்தால் அம்மனுக்கே விட்டுவிடுவதாக வீட்டார் நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் பொட்டுக் கட்டிவிட்டார்கள். சாமி பெண் என்று கல்யாணம் கூடாது. ஆனால் ஊர் ஆண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். மகளுக்கு அப்பா என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒருத்தனும் வரவில்லை. இதெல்லாம் ஒரு வழக்கமா!

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து அவருடைய தாய்மாமன் வந்தார். மடியில் மஞ்சள் துணி; அதில் பொட்டுக் கோத்த கயிறு. "ஆத்தா புள்ளையக் கேக்கறா. கட்டிட்டா பொழச்சிக்கும். இல்லாட்டி உன் தலையிலதான் பழி" என்று கயிற்றைச் சிறுமியின் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

அந்த அம்மா அவர் கையை எட்டிப் பிடித்தார். பிடியை விடவில்லை. "செத்தாலும் எம் புள்ளையாவே சாவட்டும் மாமா."

நான் போட்ட கத்தலில் நர்ஸ் ஓடிவந்து, "புறத்து போ!" என்று மாமனை வெளியே விரட்டினார்.

அன்று முழுக்க அந்த அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "மாமன் சொன்னது நெசமாயிட்டா என்னாக்கா பண்ணுவேன்?" என்று அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்த நாட்களில் பிளேட்லெட் ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

இரண்டு பிள்ளைகளும் தேறி டிஸ்சார்ஜ் ஆன அன்று அவரே, "பழவங்காடிக்குப் போலாங்க்கா" என்றார். ஒரு தேங்காய் வாங்கி ஓங்கி உடைத்தார். "இவ்ளோதான் புள்ளையாரே. இதுக்கு மேல எங்க கிட்ட எதுவும் கேக்கக்கூடாது" என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இன்றும் அங்கே தேங்காய் உடையும் சத்தம் கேட்டால், கயிறு ஏறாத அந்தச் சிறுமியின் கழுத்துதான் கண்முன் வருகிறது. எனக்கென்று எதையும் கேட்பதற்கு முன், அது அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.