ஒரு ஆள் நடக்கும் இடம்

காலை ரயில் வந்து நின்றதும் கோதண்டபாணி அண்ணன் தன் காரை வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார். காஞ்சிபுரம் ரயிலடிக்கு எதிரே வாடகைக் கார்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அவற்றுக்கு நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அண்ணன் கார் நகர்ந்தால் ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். ஆனால் வரிசையை விட்டவர் கடைசியில் போய் நிற்க வேண்டும், முறை போய்விடும். அப்படியும் எடுப்பார். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அங்கே இட்லிக் கடை போட்டிருந்த நான், அவர் குணமே அப்படி என்று நினைத்திருந்தேன். பூக்காரி பூவம்மாள் சொல்லித்தான் காரணம் தெரிந்தது.

வரிசை நகரும்போது டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர்கள் இறங்கிக் காரைக் கையால் தள்ளுவார்கள். நான் கடை போடுவதற்கு முன்பு ஒருநாள் அண்ணன் அப்படித் தள்ளியபோது, அறுந்த செருப்பைப் பார்க்கக் குனிந்திருந்த பூவம்மாளின் காலில் சக்கரம் ஏறிவிட்டது. எஞ்சின் சத்தம் கேட்டிருந்தால் விலகியிருப்பாள். "என் நேரம்பா, நீ இன்னா பண்ணுவே" என்றாளாம். அந்தச் சொல்தான் அவரைத் தின்றது. இன்றும் அவள் கோலூன்றித்தான் நடக்கிறாள்.

பிறகு, கார் நிற்கும் இடத்தையும் பக்கத்து லாரி ஷெட்டுகளையும் எடுத்துவிட்டு, கீழே கடை, மேலே வீடு, நடுவே வண்டி வராத நடைபாதை என்று கட்டப்போவதாக அதிகாரிகள் சொன்னார்கள். கார்களுக்கு ஊருக்கு வெளியே இடமாம். ஒருவரும் சம்மதிக்கக் கூடாதென்று டிரைவர்கள் ஸ்டாண்டுப் பிள்ளையார் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஸ்டாண்டுத் தலைவரான அண்ணன் முதலில் அணைத்தார். அடுத்து அவருடைய சிநேகிதர் ஜான்சன் கையை நீட்டினார்.

"யோவ் ஜான்சா, உங்க சாமி கோச்சிக்கப் போவுது!" என்றார் பின்னால் நின்ற ஒரு டிரைவர்.

"சவாரி போச்சுன்னாதான்யா அது கோச்சிக்கும். தள்ளு நீ."

அதிகாரிகள் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்ட அன்று ஸ்டாண்டு சார்பாக அண்ணன் எழுந்தார். பின்னால் பூவம்மாள் கோலோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

"வழி போடுங்க சார். ஜனங்க நடக்கட்டும்."

"கற்பூரம் அணைச்ச கை ஆறலை, அதுக்குள்ள வித்துட்டியேடா!" என்று ஜான்சன் கத்தினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தலைவரே சம்மதித்த பிறகு மற்றவர்கள் சொல் எடுபடவில்லை.

வழி வந்தது. மரம் வைத்தார்கள், பெஞ்சு போட்டார்கள், என் கடைக்கும் இடம் கிடைத்தது. பூவம்மாள் யார்மேலும் இடிக்காமல் நடந்து வந்து பூ விற்கிறாள். ஊருக்கு வெளியே சவாரி வராமல் ஜான்சன் காரை விற்றுவிட்டு, ஐயம்பேட்டைப் பக்கம் யாருடைய ஷேர் ஆட்டோவையோ ஓட்டுகிறார்.

அண்ணன் அந்த வழியில் கால் வைக்கவே இல்லை, சுற்றிக்கொண்டு போவார். இடம் மாற்றி வைத்த பிள்ளையாருக்கு எட்ட நின்றே தோப்புக்கரணம் போடுவார்.

"நல்லதுக்குத்தானே மீறினீங்க, சாமிக்குத் தெரியாதாண்ணா?" என்பேன்.

"சாமிக்குத் தெரியும்மா. ஜான்சன் பொஞ்சாதிக்குத் தெரியணுமே."

போன தை மாதம், மகள் வீட்டோடு இருந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். மாசியில் அங்கேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். சொல்லிக்கொள்ள வந்த அன்று நான், "இன்னிக்காவது நடந்து பாருங்கண்ணா. பூவம்மா அந்தக் கோடியிலதான் உக்காந்துக்கினு இருக்குது" என்றேன்.

நடைபாதை முனை வரைக்கும் வந்தார். நின்றுவிட்டார்.

"முறை ஜான்சனுதும்மா. அவன் நடக்கட்டும், பின்னாடி நான் வரேன்."