கண்டல் சேமக்காலை

மன்னார்த் தீவின் இந்தக் கரையில் அழிந்துபோன கண்டல் காட்டைத் திரும்ப வளர்த்தவன் நான்தான். சொல்லி முடிக்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கும் மகள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். சரி, பொய். வளர்த்தவள் அவளுடைய தாய். நான் தடி நட்டேன். அதையும் பிழையாக நட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராததால், கரையில் உடைமர நிழலில் இருந்து நான் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்குகிறாள். வாசிப்பவர்கள் என்னைப் படித்தவன் என்று நினைத்தால் அந்தப் பாவம் அவளுக்கு.

எங்கள் ஊருக்குப் பின்னால் கடல் உள்ளே நுழையும் தொடுவாய் ஒன்று இருக்கிறது. முன்பு அதன் இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள் சேற்றில் காலூன்றி நின்றன. வேர்களுக்குள் இறால் ஒளிந்திருக்கும். பெண்கள் தண்ணீரில் குந்தி, கையால் தடவி இறால் பிடித்து, ஓலைக் கூடையான பறியில் போடுவார்கள். பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பதால் அந்த நேரம் மட்டும் என் மனைவியால் என்னை ஏச முடியாது.

சண்டைக் காலத்தில் விறகுக்கும் வேலிக்கும் எல்லோரும் வெட்டினோம். நானும் கத்தியோடு போனேன். ஆனால் என் உழைப்பால் ஒரு காடு அழிந்தது என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். மரம் போக இறாலும் போனது. பறி வெறுமையானது. மனைவியின் வாய்க்கு முழுநேர வேலை வந்தது.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கரையைத் திருத்த வந்த அதிகாரிகள், எங்கள் பேச்சில் சேர்மார், ஊர் மாதர் சங்கத்திடம் கண்டல் கன்றுகளைக் கொடுத்தார்கள். சங்கத் தலைவி என் மனைவி. முதல்முறை நட்டதெல்லாம் பக்கத்து ஊர்க்காரரின் வள்ளத்திலும் வலையிலும் அடிபட்டுப் போனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் ஏறினால் கன்று மறைந்துவிடும். அவர்கள் வழக்கமான பாதையில் வந்தார்கள். சேர்மார் இன்னுமொரு முறை தருவதாகச் சொன்னார்கள். அதுவும் அழிந்தால் பிறகு எங்கள் ஊருக்குக் கன்று இல்லை.

“அவர் காவல் இருப்பார் எண்டு சங்கத்தில சொல்லிப்போட்டன்,” என்றாள் மனைவி.

“ஆர் அவர்?”

“நீங்கள்தான். இதுவும் செத்துதெண்டா நான் அந்தப் பொம்பிளையளின்ர முகத்தில முழிக்கேலாது. என்ர முகத்தில நீங்களும் முழிக்கேலாது.”

ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடி நட்டு, தளர்வாகக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். தண்ணீர் ஏறும்போது கன்று ஒரு பக்கம் சாய்ந்தது, வற்றும்போது மறுபக்கம் சாய்ந்தது. அன்றைக்கு என் மூளை அபூர்வமாக வேலை செய்தது. உயரமான தடியாக நட்டு, அதன் குறுக்கே ஒரு சின்னத் தடியைக் கட்டி, அதன் இரண்டு நுனியிலிருந்தும் கயிறு இறக்கிக் கன்றைப் பிணைத்தேன். கன்று நிமிர்ந்து நின்றது. அந்தப் பெருமையில் நான் நிழலில் படுத்துவிட்டேன். காவல்காரன் படுக்கலாம், கண் திறந்திருந்தால் போதும். என்னுடையது மூடியிருந்தது.

வள்ளச் சத்தத்தில் எழும்பினேன். பக்கத்து ஊர் வள்ளம் நேராகக் கன்றுகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்களே மெஷினை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பிறகு கம்பை ஊன்றி, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் ஏறிக் கன்றுகள் மறைந்திருந்தன. மேலே தெரிந்தவை என் தடிகள் மட்டும். வரிசை வரிசையாகச் சிலுவைகள். எங்கள் ஆட்களை அடக்கம் செய்யும் இடத்தை நாங்கள் சேமக்காலை என்போம். நான் தண்ணீருக்குள் ஒரு சேமக்காலை கட்டியிருந்தேன். சேற்றுக்குள் யாராவது அடக்கம் செய்வார்களா என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெயரில்லாத சிலுவையைக் கண்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

மனைவி கேட்டுச் சிரித்தாள். பிறகு, “சுவாமிக்குத் தெரிஞ்சா?” என்றாள்.

இரண்டு ஊருக்கும் பங்குக் குருவான சுவாமிக்குத் தெரிந்தது. மோட்டார் சைக்கிளில் நேரே கரைக்கே வந்துவிட்டார்.

“ஆரடா அங்க கிடக்கிறது? பக்கத்து ஊரில ஒரு அம்மா அந்த ஆத்துமாக்களுக்குப் பூசை கேட்டு வந்தவ.”

“ஒருத்தரும் இல்லைச் சுவாமி. கண்டல்.”

“கண்டலுக்குச் சிலுவையோ? ஞானஸ்நானமும் குடுத்தனியோ?”

“அது கடல் குடுக்குது சுவாமி. ஒவ்வொரு நாளும்.”

சிரிப்பை மறைக்கச் சுவாமி மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, “அந்த அம்மா அழுதவ. சனத்தை இப்பிடி விடேலாது. ஞாயிறு பூசையில ரெண்டு கோயில்லயும் உண்மையைச் சொல்லப்போறன்,” என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஆனால் உண்மை தெரிந்தால் வள்ளங்கள் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். அன்று மனைவி என்னை ஏசவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி சொன்னார். கோயில் முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

அடுத்த நாள் தண்ணீர் ஏறும் நேரம் மனைவியும் என்னோடு கரையில் வந்து நின்றாள். அதே வள்ளம் நேராக வந்தது. முன்னால் நின்றவர் இந்தமுறை தொப்பியைக் கழற்றவில்லை. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வள்ளம் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. பிறகு மெஷின் நின்றது. கம்பு தண்ணீருக்குள் இறங்கியது. வள்ளம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போனது.

“அண்ணை, ஆத்துமாக்கள் எல்லாம் சுகமோ?” என்று அவர் கத்தினார்.

“ஓம், வளருதுகள்.”

“உங்கட தடியை ஒருக்காக் கும்பிட்டுப்போட்டம். இனி அதுக்கு மேலால வள்ளம் விட மனம் வருகுதில்லை. இறால் வந்தா எங்களுக்கும் சொல்லுங்கோ.”

மனைவி என் சட்டையை விட்டாள். பொத்தான் ஒன்று அவளுடைய கையோடு போயிருந்தது.

தடிகள் உக்கி மண்ணாகிப்போய் மரங்கள் என்னைவிட உயர்ந்துவிட்டன. பெயர் மட்டும் கண்டல் சேமக்காலை என்றே நின்றுவிட்டது. ஆனால் கழுதைக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை. மனிதர் சிலுவைக்கு ஒதுங்குவார்கள். மன்னாரில் கேட்பாரில்லாமல் திரியும் கழுதை எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. ஒருநாள் ஒரு கிழட்டுக் கழுதை வரிசைக்குள் இறங்கி, முதல் கன்றின் தளிரை முகர்ந்து பார்த்து…

“இஞ்சாருங்கோ, கதை அளந்தது காணும். பறி நிரம்பிப்போச்சு. எனக்குத் தூக்கேலாது. வந்து பிடியுங்கோ.”

தண்ணீருக்குள் நின்று மனைவி இவ்வளவு ஏசுகிறாள் என்றால் பறி பல்லில் இல்லை. பல்லால் தாங்க முடியாத பாரம். வாறன், வாறன். மகளே, அந்தக் கழுதையை அப்படியே நிற்க விடு, வந்து மிச்சத்தை…