வீங்காத கை

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டியே காலம் தள்ளிய அம்மாசிக்கு எழுபது வயது. அந்த வயது வரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது பயம்தான். பாம்புக்குப் பயந்து கிணற்றில் இறங்கியதில்லை. இருமலுக்குப் பயந்து பீடி குடித்ததில்லை. சாராயத்துக்குப் பயந்ததால், பயப்படாதவர்களின் காரியச் சோற்றைச் சாப்பிட இன்னும் உயிரோடு இருக்கிறார்.

போன தை மாதம் மகன் வெற்றிவேல் பெங்களூர் கட்டட வேலையிலிருந்து காசநோயோடு வந்தான். மருந்து சாப்பிட்டுத் தேறினான். கூடவே இருந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் எழில்மதி வந்து, அம்மாசிக்கும் மனைவி ரங்கம்மாளுக்கும் முன்கைத் தோலில் சோதனை ஊசி போட்டாள். வீக்கத்தை அளக்க இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போனாள்.

மறுநாளே ரங்கம்மாளின் கை சிவந்து இலந்தைப்பழம் போலத் தடித்தது. அம்மாசியின் கையில் ஊசி போட்ட இடமே தெரியவில்லை. மதியத்துக்குள் ரங்கம்மாளின் தட்டும் சொம்பும் பாயும் ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டன.

"ஏன்யா, ஆட்டுக்கு மட்டும் தொத்தாதா?"

"ஆடு சொன்னா கேக்காது. நீ கேப்ப."

"இத்தினி வருசமா ஒரே குண்டான்ல துன்னோமே?"

"அப்பல்லாம் வீங்கலயே!"

விரட்டியவருக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. அவள் செத்துவிடுவாள் என்று நடுங்கி, வேலிக்கு அப்பால் நின்று அடிக்கடி கேட்டார்: "மூச்சு வருதா?"

"வந்துக்கினுதான் கீது. நீ இருமாம கேளு."

இருமலுக்கு அடுப்புப் புகையைக் காரணம் சொன்னார். இடுப்புக் கயிறு தளர்ந்ததற்குப் பயத்தைச் சொன்னார். அவர் பயத்தில் இளைத்ததை யாரும் சந்தேகிக்கவில்லை.

எழில்மதி வந்து ரங்கம்மாளின் வீக்கத்தை ஸ்கேலால் அளந்தாள். அம்மாசி பெருமையாகத் தன் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்; பிறகு கழுத்து எலும்பைப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா இருமல், தாத்தா?"

"எனக்குத்தான் வீங்கலயே, நர்சம்மா!"

"வீங்குனா, உள்ள போன கிருமிய உடம்பு தெரிஞ்சிக்கினு பதில் சொல்லுதுன்னு அர்த்தம். அதுவே நோவு இல்ல. வயசானா சில உடம்பு கிருமியப் பாத்தும் சும்மா இருந்துடும். வீங்கலன்னா நோவே இல்லன்னு சொல்ல முடியாது. ஆம்பளைங்களுக்குத்தான் இந்த நோவு ஜாஸ்தி வருது. பீடி, குடி மட்டுமில்ல, உடம்பு வாகும் ஒரு காரணமுன்றாங்க."

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். ரங்கம்மாளுக்கு நோய் இல்லை. தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அம்மாசிக்கு நோய் இருந்தது. வாழ்நாளெல்லாம் கண்டதற்கெல்லாம் பயந்த மனிதர், சொந்த இருமலுக்கு மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் போகாமல் நேராக ஆட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்.

ரங்கம்மாள் தன் பாயைச் சுருட்டி எடுத்தாள்.

"ஜன்னலத் தொறந்து வெச்சிக்கினு, வாய்ல துண்டு கட்டிக்கினு வூட்லயே இருக்கச் சொல்லிச்சி நர்சம்மா. எழுந்து வா."

"வாணாம். உனக்குத் தொத்திடும்."

"எனக்குத்தான் மாத்திர கீதே."

மாத்திரைகளோடும் சொம்போடும் அவள் அருகில் வந்தாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தள்ளிப் போ."

அவள் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்தாள். கொட்டகை வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

"ரங்கா… பூடாத."