டேக் காண்க

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கெட்' என்றாகிவிட்டது. ஆங்கில - தமிழ் அகராதியின் புதிய பதிப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். இவருக்கு மட்டும் ஒரே ஒரு வினைச்சொல், 'கெட்'. கொடுத்து வைத்தவர் என்று மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். மூன்றாம் வருஷமும் அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபோது எரிச்சல் அவர் வயிற்றுக்கு மாறியிருந்தது.

'பெறு' என்று எழுதினால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் 'கெட் ஓவர்' காய்ச்சலானால் தேறுவது, துக்கமானால் ஆறுவது, வேலியானால் தாண்டுவது. ஒருவரை ஒரு வேலைக்கு 'கெட்' செய்வது அதைவிட மோசம். 'செய்யவை' என்றால் கையில் பிரம்பு தெரிகிறது. 'செய்யச் சொல்' என்றால் வேலை நடந்ததற்கு உத்தரவாதமில்லை. 'மனைவியை டீ போடவைத்தான்' என்ற உதாரணத்தை வீட்டில் படித்துக் காட்டினார்.

"வைக்கவும் வேணாம், சொல்லவும் வேணாம். அடுப்பு அங்கதான் இருக்கு," என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு போக்கிடம் கிடைத்தது. பஸ் பிடிப்பது, நோயில் விழுவது என்று 'டேக்'கோடு லேசாக உரசும் அர்த்தங்களுக்கெல்லாம் 'டேக் காண்க' என்று போட்டுவிட்டார். டேக், 'டி' எழுத்தை வாங்கியிருந்த எதிர் மேஜை அம்மாளுடையது. கெட்டிக்காரி, பார்த்துக்கொள்வாள். திருத்துவதற்கான அச்சு மெய்ப்பு வரும்வரை ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது, பழைய பதிப்பைத் தொடவும் கூடாது என்பது அங்கே விதி. காப்பியடிப்பதைத் தடுக்க வந்தது. இருவரும் தினமும் சேர்ந்து டீ குடித்தார்கள், பிள்ளைகளைத் திட்டினார்கள், தத்தம் பங்கைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

மெய்ப்பு வந்தது. டேக்கைப் புரட்டினார். அதே பஸ்ஸுக்கும் அதே நோய்க்கும் எதிரே 'கெட் காண்க' என்று அழகாக அச்சாகியிருந்தது.

தலைமைப் பதிப்பாசிரியர் குரலை உயர்த்தமாட்டார். "பஸ்ஸுன்னு தேடி வர்றவன் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தே செத்துப்போவான். பழைய பதிப்புல இருக்கற கெட்டையே போட்டுடலாம்," என்றார்.

மூன்று வருஷமும் குப்பைக் கூடைக்கு. தன் இடத்தைப் பிடித்த அந்தப் பழைய கெட்டை வெறுத்துக்கொண்டே எடுத்துப் படித்தார். அதன் அடியில் நின்றது: 'டேக் காண்க'. டேக்கில், 'கெட் காண்க'. கெட் எழுதியவர் யாரென்று முன்னுரையில் பார்த்தார். புத்தகத்தை எடுத்துப் போய்த் தலைமையின் மேஜையில் விரித்து வைத்தார்.

தலைமை வெகுநேரம் படித்தார். "டேக் எழுதினவர் எனக்குச் சீனியர். அவர் எழுதிடுவார்னு இருந்துட்டேன்."

"அவரும் அப்படித்தான் இருந்திருக்கார் சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்துக்கங்க. அந்தப் புத்தகத்த இங்கயே வச்சுட்டுப் போங்க."

ஜெயித்துவிட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. வருஷக்கணக்கில் தள்ளிவிட்டதெல்லாம் இப்போது மேஜைக்குத் திரும்பியிருந்தது. எதிர் மேஜை அம்மாள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாதிப் பாதி பிரிச்சுக்கலாம் அண்ணே. பஸ்ஸு உங்களுக்கு, நோய் எனக்கு."

புதுச் சீட்டை எடுத்தார். ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'பிடி' என்று எழுதினார். அவ்வளவுதான் வேலை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.