கப்பல் படிப்புக்கு எத்தனை வாசல்?

கோபமாக இருக்கும்போது எழுதக் கூடாது என்பார்கள். ஆறிய பிறகு எழுது, நிதானம் வரும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறப்போட்டுப் பார்க்கிறேன்... ஆறுவேனா என்கிறது. சூடாகவே பரிமாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பெரிய பேனர். 'கப்பல் படிப்பு – கை நிறையச் சம்பளம்!' பேனரின் மூலையில் ஒரு போட்டோ. யாருடையது? அடியேனுடையதுதான். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் சிறப்பு விருந்தினராம். "மேடம், பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி நிகழ்ச்சி. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுனா போதும்" என்று கூப்பிட்டார்கள். நல்ல காரியம்தானே என்று போனேன்.

எங்கள் ஊருக்குக் கடலை தெரியும், கடல் தெரியாது. எண்ணெய், பருப்பு, மிளகாய் வத்தல் எல்லாவற்றுக்கும் இங்கே விலை சொல்ல ஆள் உண்டு. அலை எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். அந்த ஊரில் கப்பல் படிப்புக்கு இம்புட்டுக் கூட்டமா? சாத்தூர், சிவகாசிப் பக்கமெல்லாம் இருந்து பெற்றவர்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நாம் பட்டாசு ஆலையில் கிடந்தது போதும், பிள்ளை வேறு வேலைக்குப் போகட்டும் என்ற ஆசை. நியாயமான ஆசை. அதைத்தான் அந்த பேனர்க்காரர்கள் மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

மேடையில் உட்கார்ந்தால் வாசல் நன்றாகத் தெரியும். ஏ.சி. ஹால், கண்ணாடிக் கதவு, கதவில் கை வைத்துத் தள்ள ஒரு பித்தளைத் தகடு. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மகளோடு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். கதவு திறந்துதான் இருந்தது... ஆனாலும் அந்தப் பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை ஒரு கணம் அழுத்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே கால் வைத்தார்.

வரவேற்பில் டை கட்டி நின்ற பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆன்ட்டி, இது கோயில் இல்ல. செருப்புப் போட்டுட்டே வரலாம்!"

பட்டாசு ஆலைக்குள் ஒருநாள் போய்ப் பார்த்தவர்களுக்குக் கூட அது கோயில் பழக்கம் இல்லை என்று தெரியும். வெடிமருந்து வைத்திருக்கும் அறைக்குள் நுழையும் முன், வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போனால், விரல் நுனியில் வரும் ஒரு சின்னப் பொறி போதும், அறையே வெடித்துவிடும். வருஷக்கணக்கில் தொட்ட கை. மண்டபம் எது, மருந்து ரூம் எது என்று அதற்குத் தெரியுமா? பாவம், அந்தம்மா முகம் சுருங்கிப்போய், வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சால்வை போட்டிருந்தார்களே... பேசாமல் இருந்தேன்.

கோட்டு போட்ட ஒருவர் மைக் பிடித்தார். சும்மா சொல்லக் கூடாது, மடை திறந்த வெள்ளம்! சிங்கப்பூர் என்றார், துபாய் என்றார், ஆறே மாதத்தில் கப்பல் ஏறலாம் என்றார். மரைன் இன்ஜினியரிங், நேவல் ஆர்க்கிடெக்சர், டெக்கில் கயிறு இழுக்கிற வேலைக்கான பயிற்சி... எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எல்லாமே 'கப்பல் படிப்பு'. கத்தரிக்காய், வெண்டைக்காய், கருவாடு எல்லாவற்றையும் ஒரே கூறாகக் கட்டி வைத்து, "எடுத்துக்கங்க, எல்லாம் சாப்பாட்டுச் சாமான்தான்" என்று விற்கிற மாதிரி.

கேள்வி நேரம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து அந்தம்மாவின் மகள் எழுந்தாள்.

"சார், கப்பல்ல ஒரு ரூமுக்குள்ள தண்ணி புகுந்துருச்சுன்னா, அடுத்த ரூமுக்குப் போகாம எப்படி நிப்பாட்டுவாங்க? அது எந்தப் படிப்புல வரும்? எனக்கு அதான் படிக்கணும்."

எப்பேர்ப்பட்ட கேள்வி! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கோட்டுக்காரர் சிரித்தார். "எந்த ஊரும்மா?"

"அச்சங்குளம் சார்."

"அதானே பார்த்தேன்! பட்டாசு ஊருல... எப்பவும் வெடிக்கிறது, மூழ்குறதுதான் ஞாபகம் வரும். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே முங்குறதப் பத்தி அபசகுனமா பேசலாமா? அதோட பொம்பளப் பிள்ளை... நர்சிங் மாதிரி ஏதாவது பார்க்கலாம்ல?"

மண்டபம் சிரித்தது.

கோட்டுக்காரர் சிரித்ததைக்கூட விடுங்கள், அவர் வெளியூர். இந்த மண்டபத்துக்கு என்ன வந்தது? பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போகிறார். நம்மைக் கேலி செய்தால் நாமே கைதட்டுவது என்ன வியாதி? எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது.

மைக்கை வாங்கினேன். "சார், அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுங்க."

"மேடம், டைம் ஆயிருச்சு... அடுத்து அட்மிஷன் கவுன்ட்டர்—"

"டைம் இருக்கு. சொல்லுங்க."

அவர் கவுன்ட்டர் பக்கம் கையைக் காட்டினார். சொல்லத் தெரிந்தால்தானே? நான் சால்வையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கடைசி வரிசையைப் பார்த்தால், நாற்காலிகள் இரண்டு காலி.

ஓடாத குறையாக வெளியே வந்தேன். அந்தம்மா படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் முத்துலட்சுமி. மகள் பவித்ரா. அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா" என்றார் முத்துலட்சுமி, என்னைச் சமாதானப்படுத்துவது போல. "எங்க வீட்டுலயும் யாருக்கும் இஷ்டமில்ல. இவுக அப்பா அன்னைக்கே சொல்லிட்டாக. நெருப்புக்குப் பயந்து தண்ணியில தள்ளவா புள்ளையப் பெத்தேன்னு கேக்காக. இவதான் ஒத்தக் கால்ல நிக்கா."

"ஏம்மா, இந்தக் கேள்வி எப்படி வந்துச்சு உனக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னார்.

"எங்க கம்பெனியில ரூமுக்கு ரூமு எடம் விட்டுத்தான் கட்டியிருப்பாக அக்கா. ஒண்ணு போனாலும் அடுத்தது நிக்கணும்ல. எல்லாப் பக்கமும் வாசலு இருக்கும், கதவு வெளிய பாத்துத்தான் தொறக்கும். நாம போயி மோதுனாலே தொறந்துரும். அன்னைக்கு என் தங்கச்சி இருந்த ரூமுல ஆர்டர் அவசரம்னு வாசல்ல பெட்டிய அடுக்கிட்டாக. அந்த ரூமு வெடிச்சுப் போச்சு. நான் இருந்த ரூமு நின்னுச்சு... இவ அந்தச் சித்திகிட்ட வளந்த புள்ளக்கா."

இதைக் கேட்ட பிறகு அந்தக் கோட்டுக்காரரின் 'அபசகுனம்' என்ற வார்த்தையை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஏன் இன்னும் ஆறவில்லை என்று புரியும்.

அங்கேயே படியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு பிளஸ் டூ பிள்ளை இருக்கலாம். மரைன் இன்ஜினியரிங் என்பது கப்பலின் இன்ஜினை ஓட்டுகிற, பராமரிக்கிற படிப்பு. படித்தவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவார்கள். நேவல் ஆர்க்கிடெக்சர் வேறு. அது கப்பலையே வடிவமைக்கிற படிப்பு. எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு சாய்ந்தால் கவிழும், எங்கெங்கே குறுக்குச் சுவர் வைத்தால் ஒரு அறையில் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது, தீப்பிடித்தால் எந்த வழியாக ஆட்கள் வெளியேறுவார்கள்... பவித்ரா கேட்டாளே, அதேதான்! அபசகுனத்தை முன்கூட்டியே உட்கார்ந்து யோசிப்பதுதான் அந்த வேலையே. அதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்கள் தாராளமாகப் படிக்கலாம்.

"அப்ப கடலுக்குப் போக வேணாமாக்கா?" முத்துலட்சுமிக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது.

"பெரும்பாலும் கரையிலதான் வேலை. கம்ப்யூட்டர் முன்னாடி, இல்லைன்னா கப்பல் கட்டுற தளத்துல."

"நெசமாவா? கப்பல்ல ஏறாமலே கப்பல் கட்டலாமா?" கொஞ்ச நேரம் மண்டபத்தையே முறைத்துப் பார்த்தார். "அப்ப அந்தாளு ஏங்க்கா இத சொல்லல?"

ஏன் சொல்வார்? தேர்வு எழுதி மார்க் வாங்கிச் சேர்கிற படிப்பில் அவருக்கு என்ன கமிஷன் கிடைக்கும்? அவருக்கு வேண்டியது கேள்வி கேட்காமல் கவுன்ட்டருக்குப் போகிற கூட்டம். கேள்வி கேட்கிற பிள்ளை ஒன்று எழுந்தால், மொத்தக் கூட்டமும் யோசிக்க ஆரம்பித்துவிடுமே! அதனால்தான் ஊரைச் சொல்லி அடித்தார். நம் ஆட்களும் விவரம் புரியாமல் சிரித்து, அவருக்கு வியாபாரம் செய்து கொடுத்தார்கள். இனிமேல் எந்த பேனரிலாவது என் போட்டோவைப் பார்த்தால், உள்ளே போகும் முன் எனக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நேற்று முத்துலட்சுமி போன் பண்ணினார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, பரீட்சைக்கு அப்ளை பண்ணிட்டா! இவுக அப்பாவும் சரின்னுட்டாக. இருக்கங்குடி மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம். அவரை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க?"

"கரையிலதான் வேலைன்னு சொன்னேன், மனசு எறங்கிட்டாக. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கச் சொன்னாக..." தயங்கினார். "அந்தக் காலேஜு ஹாஸ்டல்ல, ரூமுக்கு எத்தன வாசலு அக்கா?"

இன்னும் பரீட்சையே எழுதவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹாஸ்டல் அறைக்கு எல்லா ஊரிலும் ஒரு வாசல்தானே? பொய் சொல்லவும் மனசில்லாமல், "ஒண்ணுதான் இருக்கும் முத்துலட்சுமி" என்றேன்.

முத்துலட்சுமி மெதுவாகக் கேட்டார்: "அப்ப... கதவு எந்தப் பக்கம் பாத்துத் தொறக்கும்?"

சீட்டு கிடைக்கட்டும். அந்த ஹாஸ்டலுக்கு முதல் போன் நான்தான் போடுவேன். எதிர்முனையில் யாராவது சிரிக்கட்டும்... இருக்கிறது கச்சேரி!