கிழங்கு நட்டவருக்கு, கொழுந்து குனிந்தவருக்கு

மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. நிலம், பல தலைமுறையாக மலாயே பேசிவந்த ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்துக்குச் சொந்தம். புல் மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று, குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பாத்தியாக விட்டிருந்தார்கள். வேலி போடக் கூடாது. அந்த வீட்டு மூத்த அம்மாவுக்குத் தமிழ் வராது. எப்போதாவது வந்து தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். சண்டை என்று யாராவது முறையிட்டால், மலாயில் ஒரே சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் அதைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள்: கிழங்கு நட்டவருக்கு, கொழுந்து குனிந்தவருக்கு. கெலடேக் கொடியின் கொழுந்தை யார் வேண்டுமானாலும் எவர் பாத்தியிலிருந்தும் கறிக்குக் கிள்ளிக்கொள்ளலாம். மண்ணுக்குக் கீழே இருப்பதைத் தொடக் கூடாது.

சர்க்கரைவள்ளி என்பது பத்திரிகையில் வரும் பெயர். எங்கள் வாயில் அது எப்போதும் கெலடேக்தான். எனக்கு அது பிடிக்காது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் பதிலாக அதைத் தின்று வளர்ந்தவள் நான். அவித்த வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆனால் எங்கள் பாத்தியில் இருந்தது பாசாரில் கிடைக்கும் சாதி இல்லை. வெள்ளைத் தோல், உள்ளே கத்தரிப்பூ நிறம். அப்பா எஸ்டேட்டை விட்டு மலாக்கா ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்த கொடி. ஒவ்வொரு முறை கிழங்கு எடுக்கும்போதும் அதிலிருந்தே துண்டு வெட்டி மறுபடி நடுவோம். அப்பா இறந்த பிறகு, அவர் திதிக்கு அந்தக் கிழங்கை அவித்துப் படைக்காமல் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கிழங்கு எனக்கு வேண்டியதில்லை. கொடி அம்மாவுக்கு வேண்டும்.

பக்கத்துப் பாத்தி கடைசி வீட்டு அக்காவுடையது. காப்பிக் கடைக்குக் கறி சமைத்துக் கொடுப்பவர். இரண்டு ஆடுகள் வைத்திருந்தார். அவர்மீது எனக்கிருந்த புகார்களை வரிசையாக மனத்தில் வைத்திருந்தேன். கிணற்றடியில் வாளியைத் திருப்பித் தராதது, அப்பாவின் சாவுக்கு வந்து பந்தலை விலை பேசியது, இப்படிச் சில. முதலிடம் கொழுந்துக்கு.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாலையில் வீடு திரும்பினால் எங்கள் கொடி மொட்டையாகக் கிடக்கும். பக்கத்தில் மற்றவர்களின் கொடிகள் தழைத்து நிற்கும். ஒரு நாள் அவரிடமே போய்ச் சொன்னேன். வீட்டுக் கறிக்குக் கிள்ளுவது வேறு, கடைக்குக் கட்டுக்கட்டாக எடுப்பது வேறு. இலை போனால் கிழங்கு பருக்காது. குரலை உயர்த்தாமல் இதை எல்லாம் விளக்கினேன். அவர் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“கொழுந்துதானே தங்கச்சி. கிழங்கையா தோண்டுனேன்?”

கிணற்றடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, “ஆஸ்பத்திரில மூத்திரம் பாக்கிற புள்ள, நமக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்குது” என்றார். இன்னும் சிரித்தார்கள்.

அடுத்த சண்டை கொடி தாண்டியதில். கெலடேக் கொடி போகிற வழியில் கணுவுக்குக் கணு வேர் விட்டுவிடும். வேர் விட்ட இடமெல்லாம் கிழங்கு வைக்கப் பார்க்கும். அதனால் வாரந்தோறும் கொடியைத் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். நான் தவறாமல் செய்தேன். இருந்தும் ஒரு கொடி வாய்க்காலைத் தாண்டி அவருடைய பயற்றங்கொம்புகளுக்கு அடியில் போய் வேர் விட்டிருந்தது. இழுக்கப் போனேன். அவர் வந்து கொடியின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

“எம் மண்ணுல வேர் விட்டது எனக்கு.”

நட்டவருக்குத்தான் கிழங்கு என்று சட்டத்தை நினைவூட்டினேன்.

“நீ நட்டது அந்தப் பக்கம்லா. இது தானா நடந்து வந்துச்சு. வந்த விருந்தாளிய வெரட்ட முடியுமா?”

அம்மா, போனால் போகட்டும், விட்டுவிடு என்றார். விட்டேன்; மன்னிக்கவில்லை.

ஆகஸ்டில் சுதந்திரக் கொடியேற்றம் முடிந்து, கடைத்தெருவில் காகிதத் தோரணங்கள் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் கிழங்கு எடுத்தோம். அடைமழை தொடங்கும் முன் எடுத்தாக வேண்டும். ஈர மண்ணில் விட்டால் அழுகிவிடும். ஒரு சனிக்கிழமை, கொடியை அறுத்து ஓரமாகச் சுருட்டிவிட்டு, நான் மண்வெட்டியால் மேட்டைப் பிளக்க, அம்மா கையால் துழாவினார். கிழங்குகள் விரல் தடிமன்தான் இருந்தன. பாதிக்கு மேல் வண்டு துளைத்திருந்தது. உடைத்தால் கசந்த நெடி. படையலுக்கு, சமையலுக்கு, எரிக்க என்று மூன்றாகப் பிரிக்க உட்கார்ந்தேன். சமையலுக்கு என்று ஒதுக்கிய இடம் காலியாகவே இருந்தது. படையலுக்கு ஆனவை முறத்தின் அடியை மூடவில்லை.

கடைசி வீட்டு அக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். “பாவம், கெலடேக்கு மெர்டேக்கா ஊர்வலம் போயி எளச்சுப் போச்சு போல.”

நான் வண்டு அண்டாத கொடிகளாகப் பொறுக்கி, முழங்கை நீளத்துக்கு நறுக்கி, கட்டிக் கிணற்றடிப் புளிச்சக்காய் மரத்து நிழலில் வைத்தேன். ஓரிரு நாள் வாடவிட்டு நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும். மற்ற கொடிகளையும் சொத்தைக் கிழங்குகளையும் வண்டு பரவாமல் எரித்துவிட்டேன். ஞாயிறு திதி. நல்ல கிழங்கெல்லாம் அவிந்து இலைக்கு வந்தது.

திங்கள் மாலை வேலை முடிந்து வந்தபோது மர நிழலில் கட்டிய கயிறு மட்டும் கிடந்தது. சுற்றிலும் மென்ற தண்டும் ஆட்டுப் புழுக்கையும். ஆடுகள் அவர் வீட்டு வாசலில் வயிறு புடைக்க அசைபோட்டுக்கொண்டிருந்தன. கேட்டேன்.

“குப்பைன்னு நெனச்சு அவுத்து விட்டேன் தங்கச்சி. அது ஒங்க அப்பா கொண்டாந்த கொடின்னு ஆட்டுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா கொண்டுவந்த கொடி என்பது ஆட்டுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா அழவில்லை. ஏற்கெனவே கழுவி வைத்திருந்த படையல் தட்டை எடுத்து மறுபடி கழுவினார். “அடுத்த வருஷம் அவருக்கு என்னத்த வைப்பேன்?” என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

படுக்கப் போகும் முன் மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். நறுக்கிய துண்டுகள் ஆட்டு வயிற்றில். நல்ல கிழங்கு படையலில். மற்றவை சாம்பல். ஊரில் வேறு யாரிடமும் அந்தச் சாதி கிடையாது. கடைசியாகப் பயற்றங்கொம்புக்கு அடியில் இருந்த கொடி நினைவுக்கு வந்தது. எங்கள் கொடியை எல்லாம் மொட்டையடித்தவர் அந்த ஒன்றில் மட்டும் கை வைத்ததில்லை. அதன் கிழங்கு அவருக்கு வேண்டியிருந்தது. தோட்டத்திலேயே செழிப்பாக இருந்த கெலடேக் அதுதான்.

மறுநாள் மாலை, கிணற்றடியில் எல்லாரும் கூடுகிற நேரமாகப் பார்த்து, கூடையும் சவரப் பிளேடுமாக வாய்க்காலைத் தாண்டினேன். குனிந்தேன். கொழுந்து என்றால் எத்தனை நீளம் என்று சட்டம் சொல்லவில்லை. நுனியிலிருந்து முழங்கை நீளம் வைத்து அறுத்தேன். நடுவதற்கு நுனித் தண்டுதான் நல்லது. வண்டு அடித்தண்டில்தான் இருக்கும். கூடை பாதி நிறையும்போது அவர் வந்துவிட்டார்.

“எம் பாத்தியில என்ன செய்ற?”

“கொழுந்துதான்க்கா. கிழங்கையா தோண்டுறேன்?”

கிணற்றடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவ்ளோ நீட்டுக் கொழுந்தா?”

“எங்க வீட்டுச் சட்டி பெருசு.”

யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். அவர்களிடம் எனக்கு நன்றி எதுவும் வரவில்லை. நான் அவசரப்படாமல் கடைசி நுனிவரை அறுத்துக்கொண்டு வந்தேன்.

வாடவிடவில்லை, அன்றே நட்டோம். அம்மா துண்டுகளை எடுத்து நீட்டிக்கொண்டே, “குடுத்தாளா?” என்றார்.

“இல்ல. எடுத்துட்டு வந்தேன்.”

விடிந்ததும் அவர் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி ஆடுகளுக்குப் போட்டார். கிழங்கு கைப்பிடிப் பருமன் இருந்ததை வாய்க்காலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் துண்டுகள் முதலில் துவண்டு, பிறகு நிமிர்ந்தன.

அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் எங்கள் பாத்தியில் கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை. சட்டம் சட்டம்தான். நானும் அவர் பாத்தியில் கிள்ளினேன், தேவையில்லாத நாட்களிலும். சமைக்காமல் சாக்கடையில் கொட்டியதுண்டு.

அடுத்த திதிக்குக் கிழங்கு இருந்தது. அம்மா ஒன்றை உடைத்து உள்ளே நிறம் பார்த்துவிட்டுத்தான் இலையில் வைத்தார். நட வேண்டிய துண்டுகள் அந்த நேரம் என் கட்டிலுக்கு அடியில், கதவு பூட்டிய அறைக்குள், வாடிக்கொண்டிருந்தன.