புகை என் பாலில் இல்லை

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரில் பதினேழு வருஷம் டீ மாஸ்டராக நின்றேன். என் பால் ஒருநாளும் அடிபிடித்ததில்லை. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்திலும் பிடித்ததில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் பக்கம் டீயில் புகைவாடை வந்தால் மாஸ்டருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கடையநல்லூர் பாய் ஒருவர் இரண்டு தகர டப்பாக்களோடு கடைக்கு வந்தார். இரண்டிலும் சீனாத் தேயிலை. கூட வேலை பார்த்த சீனாக்காரர் கொடுத்தாராம்.

"வீட்ல போட்டா ஒருத்தராலயும் வாயில வைக்க முடியல மாஸ்டர். நீங்க போட்டுப் பாருங்க."

என்னைத் தேடி வந்தாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு டப்பாவைத் திறந்து, மோந்துகூடப் பார்க்காமல் அள்ளி, டீ வடிக்கும் துணிப்பையில் போட்டேன். நம் தூளுக்குச் செய்வதுபோலவே கொதிநீர் விட்டு, பாலும் சீனியும் சேர்த்து ஆற்றி, அவருக்கு ஒன்றும் பெஞ்சிலிருந்த பருத்தி வியாபாரிக்கு ஒன்றும் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான்.

வியாபாரி ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன வே, பாலைத் தீய விட்டுட்டீரா? அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரில்லா இருக்கு."

பெஞ்சே சிரித்தது.

வெறும் பாலை ஒரு கிளாஸில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். "குடியும் அண்ணாச்சி. தீஞ்சிருந்தா இன்னையோட இந்தப் பையத் தொடமாட்டேன்."

குடித்தார். காலி கிளாஸைத் தள்ளி வைத்தார். அப்புறம்தான் டப்பாவை மோந்தேன். விறகுப் புகை.

"பாய், அந்தச் சீனாக்காரன் இத எப்படிக் குடிச்சான்?"

"பால் ஊத்தமாட்டான். சீனியும் கிடையாது. பைன் மரத்த எரிச்சு அந்தப் புகைல காயவைக்கிற இலையாம்."

"இத முதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

"மாஸ்டருக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

புதுப் பையை எடுத்தேன். இலையைக் கொஞ்சமாகப் போட்டு, வெந்நீரில் சற்று நேரம் வைத்து இறக்கினேன். செக்கச்செவேலென்று வந்தது. புகை இருந்தது, ஆனால் தொண்டையில் உறுத்தவில்லை, பின்னால் லேசான இனிப்பும் வந்தது. மற்ற டப்பாவையும் அப்படியே போட்டேன். அதில் புகையே இல்லை. உலர்ந்த பேரீச்சம்பழ வாசனை. இரண்டும் ஒரே மலையின் இலைதானாம். ஒன்றுக்குப் புகை காட்டுவார்கள், ஒன்றுக்குக் காட்டமாட்டார்கள்.

கடையநல்லூர்க்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தார். "இதான் மாஸ்டர். அங்கன குடிச்ச அதே ருசி."

எனக்கு அது போதவில்லை. வியாபாரியிடம் திரும்பினேன். "பால் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்று முனகினார்.

"தீஞ்சுட்டுன்னு சத்தமாத்தான சொன்னீரு. இதையும் சத்தமாச் சொல்லும்."

பெஞ்சு மொத்தமும் அவரைப் பார்த்தது. "பால்ல ஒரு குத்தமும் இல்லவே," என்றார், ரோட்டுக்குக் கேட்கும்படி.

அந்தப் புகை டீ எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை. ஆனாலும் அதைப் போடத் தெரிந்தவன் அன்று எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.